ஃபோல்டரை நகர்த்தியபின் பில்ட் படுத்துவிட்டதா? அறிகுறி வாரியாகப் பழுது பார்க்கும் முறை

"அண்ணா, ஃபோல்டரை மட்டும்தான் மாத்தினேன். வேற எதையும் தொடலை."

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் போன் வந்தால் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், வேலை புதுச்சேரியில். மிச்ச நேரம் ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்குப் போகிறது. பாதி பைத்தான், பாதி சி++, திரையெல்லாம் தமிழிலும் வரும். மாதத்தில் இரண்டு ஞாயிறு லாஸ்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடி, புதிதாகச் சேர்கிற மாணவர்களோடு வேலை பார்ப்போம். வளர்ந்து வளர்ந்து குப்பைமேடாகிவிட்ட ஃபோல்டர்களை ஒருவழியாகப் பிரித்து அடுக்கினோம். அதன் பிறகு ஒரே மாதிரிக் கோளாறுகள் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றைத் தீர்த்துத் தீர்த்து ஒரு நோட்டில் குறித்துவைத்ததுதான் இது.

இந்தக் கோளாறுகளில் கோட் கெட்டுப்போயிருப்பது அரிது. பழைய விலாசத்தை எழுதிவைத்திருக்கிற ஏதோ ஒரு ஃபைல் அதைத் திருத்திக்கொண்டிருக்காது. வீடு மாறினதைக் கேஸ் ஏஜென்சிக்குச் சொல்ல மறந்தால் சிலிண்டர் பழைய வீட்டு வாசலில்தானே இறங்கும்? அந்த ஏஜென்சியைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

கட்டளைகளைப் போனில் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் கணக்கு வைக்கிற கருவிதான் கிட். ஒரு மாற்றத்தைப் பதிவு செய்வது கமிட், தனியாக ஓடும் கிளை பிராஞ்ச், எல்லோரும் வந்து சேரும் கிளை மெயின், ஒரு கிளையை இன்னொன்றில் கலப்பது மெர்ஜ். எதைத் தொடுவதற்கு முன்பும் "கிட் ஸ்டேட்டஸ்" பார்த்து, கமிட் ஆகாமல் எதுவும் தொங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, இப்போதைய நிலைக்கு ஒரு பிராஞ்ச் போட்டுவையுங்கள். கீழே சொல்லும் வழிகளில் ஒன்றிரண்டு ஃபைலை அழிக்கும்.

## அறிகுறி 1: என்னிடம் ஓடுகிறது, மற்றவர்களிடம் ஓடவில்லை

### ஃபைல் ரெப்போவில் இருக்கிறதா?

சிரிக்காதீர்கள். பத்தில் பல தடவை ஃபைல் ரெப்போவுக்குள், அதாவது எல்லோரும் கோடை எடுக்கிற பொதுக் களஞ்சியத்துக்குள், போயே இருக்காது.

எங்களிடம் வருகிற ஒரு மாணவர் எஸ்ஆர்சி ஃபோல்டரிலிருந்து பதினைந்து ஃபைலைப் புதிதாக உருவாக்கிய "லிப்" ஃபோல்டருக்கு மாற்றினார். ஃபைல் மேனேஜரில் இழுத்துப் போட்டார், "கிட் ஆட் புள்ளி" கொடுத்தார், கமிட் செய்தார், ரெப்போவுக்குத் தள்ளினார். அவரிடம் எல்லாம் ஓடியது. மற்றவர்கள் எடுத்துப் பார்த்தால் அந்தப் பதினைந்து ஃபைலும் எங்குமே இல்லை, பழைய இடத்திலும் இல்லை, புதிய இடத்திலும் இல்லை. பகல் சாப்பாடு ஆறிப்போகிற வரை பைத்தான் இம்போர்ட்டைக் குடைந்துகொண்டிருந்தோம்.

காரணம் கிட்இக்னோர் ஃபைல், கிட் எதையெல்லாம் கண்டுகொள்ளக் கூடாது என்ற பட்டியல். ரெப்போக்களை வைக்கும் கிட்ஹப் தளம் பைத்தானுக்குத் தருகிற ஆயத்த கிட்இக்னோரில் லிப், பில்ட், டிஸ்ட் என்ற பெயர்களெல்லாம் ஏற்கெனவே இருக்கும். முன்னால் சாய்கோடு இல்லாமல் வெறுமனே பெயர் மட்டும் இருந்தால், எந்த ஆழத்தில் அந்தப் பெயரில் ஃபோல்டர் வந்தாலும் கிட் கண்ணை மூடிக்கொள்ளும். "கிட் ஆட் புள்ளி" இதைப் பற்றி மூச்சே விடாது. பழைய இடத்திலிருந்து போனதை மட்டும் ஒழுங்காகப் பதிவு செய்யும்.

பார்க்க வேண்டியவை:

- கமிட்டுக்கு முன் "கிட் ஸ்டேட்டஸ்" பாருங்கள். நகர்த்திய ஃபைல்களுக்கு "ரீநேம்டு" என்று வர வேண்டும். "டெலீட்டட்" மட்டும் வரிசையாக வந்தால் அங்கேயே நில்லுங்கள்.
- "கிட் செக்-இக்னோர் -வி" கொடுத்து ஃபைலின் பாதையைக் கொடுங்கள். எந்த ஃபைலில் எத்தனையாவது வரி தடுக்கிறது என்று சொல்லிவிடும். இந்த ஒரு கட்டளை தெரிந்திருந்தால் அன்றைக்குச் சாப்பாடு சூடாகச் சாப்பிட்டிருக்கலாம்.

தீர்வு: அந்த வரிக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட்டால் மேல்மட்ட லிப் மட்டும்தான் தடைபடும். இனிமேல் நகர்த்துவதற்கு "கிட் எம்வி" பயன்படுத்துங்கள். கிட்டின் கணக்கில் ஃபைல் ஏற்கெனவே இருப்பதால் அது இந்த வலையில் மாட்டாது.

காலி ஃபோல்டர் என்றால் கிட் அதை வைத்துக்கொள்ளவே வைத்துக்கொள்ளாது. உள்ளே "கிட்கீப்" என்ற பெயரில் ஒரு வெற்று ஃபைல் போடுவது வழக்கம். அந்தப் பெயருக்குத் தனி மகிமை ஒன்றும் கிடையாது, எந்தப் பெயரும் செல்லும்.

### மேக், விண்டோஸில் சரி, லினக்ஸில் மட்டும் "ஃபைல் இல்லை" என்கிறதா?

பெரிய எழுத்து, சின்ன எழுத்து. "யுடில்ஸ்" என்பதில் முதல் எழுத்து ஒருவரிடம் பெரிது, இன்னொருவரிடம் சிறிது. மேக்கும் விண்டோஸும் வழக்கமான அமைப்பில் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் எடுத்துக்கொள்ளாது. தமிழில் ஃபோல்டர் பெயர் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை என்று ஒருவர் சொன்னார். நியாயம்தான், ஆனால் அதில் வேறு தொல்லைகள் வரும்.

"கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்" கொடுத்து அந்தப் பெயரைத் தேடுங்கள். இரண்டு விதமாகவும் வந்தால் பிடிபட்டது. மேக்கில் நேராகப் பெயரை மாற்றினால் அடம்பிடிக்கும். முதலில் "யுடில்ஸ்-தற்காலிகம்" மாதிரி சம்பந்தமில்லாத பெயருக்கு மாற்றி, பிறகு வேண்டிய பெயருக்கு மாற்றுங்கள்.

லினக்ஸின் மையமான கர்னலிலேயே எழுத்தளவில் மட்டும் வேறுபடுகிற ஃபைல்கள் இருக்கின்றன. நெட்ஃபில்டர் பகுதியில் எக்ஸ்டி-மார்க் என்பது பெரிய எழுத்தில் ஒன்று, சின்ன எழுத்தில் ஒன்று. கர்னலை மேக்கில் இறக்கியவுடன், எதையும் தொடாமலே "மாற்றம் இருக்கிறது" என்று கிட் காட்டுவது இதனால்தான். அது உங்கள் தவறில்லை, விட்டுவிடுங்கள்.

### விண்டோஸில் மட்டும் இறக்கவே முடியவில்லையா?

பாதை நீளமாகியிருக்கும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று அடுக்கினால் 260 எழுத்து வரம்பை முட்டும். கிட் அமைப்பில் "கோர் லாங்பாத்ஸ்" என்பதை இயக்கிப் பாருங்கள். அதிலும் போகவில்லை என்றால் ஃபைலின் பெயரையே பாருங்கள். ஆக்ஸ், கான், நல், பிஆர்என் போன்ற பெயர்கள் விண்டோஸுக்கு டாஸ் காலத்திலிருந்தே விலக்கு. கர்னலின் நூவோ என்ற கிராஃபிக்ஸ் டிரைவருக்குள் ஆக்ஸ் என்ற பெயரில் ஒரு சி ஃபைல் உண்டு, விண்டோஸில் அது எப்போதும் இடறும்.

எப்போது பெரியவர்களைக் கூப்பிடுவது: இரண்டு எழுத்துவிதமும் ஏற்கெனவே மெயின் பிராஞ்சில் கலந்துவிட்டால். அதைத் தனியாளாகச் சரிசெய்து தள்ளினால், மேக் வைத்திருக்கிற எல்லோருக்கும் அன்று இரவு தூக்கம் போகும். திட்டத்துக்குப் பொறுப்பான பராமரிப்பாளர் நாள் குறித்துச் செய்யட்டும்.

## அறிகுறி 2: எல்லோரிடமும் சரி, என்னிடம் மட்டும் பழையதே வருகிறது

முதல் அறிகுறிக்கு நேர் எதிர். இதன் காரணம் எப்போதும் உங்கள் மெஷினில் கிடக்கிற எச்சம்.

பைத்தான். "அன்நோன் லொக்கேஷன்" என்று முடிகிற இம்போர்ட் எர்ரர் வந்தால் கையைத் தட்டிக்கொள்ளுங்கள், நோய் தெரிந்துவிட்டது. நகர்த்திய ஃபோல்டரின் பழைய உடம்பு அங்கேயே இருக்கிறது. கிட் தன் ஃபைல்களை எடுத்துக்கொண்டது. உள்ளே பைத்தான் தானாக எழுதிவைத்த பைகேச் கிட்டின் கணக்கில் வராதது, அதனால் ஃபோல்டரை விட்டுவிட்டது. பைத்தான் 3.3-லிருந்து இனிட் ஃபைல் இல்லாத வெறும் ஃபோல்டரைக்கூட ஒரு பேக்கேஜாக எடுத்துக்கொள்ளும். ஆகவே இம்போர்ட் நடக்கிறது, உள்ளே மட்டும் ஒன்றுமில்லை. அந்த மாட்யூலை அப்படியே பிரின்ட் செய்து பாருங்கள். "நேம்ஸ்பேஸ்" என்ற சொல் கண்ணில் பட்டால் சந்தேகமே வேண்டாம். பழைய ஃபோல்டரை அழித்தால் முடிந்தது.

ஒவ்வொன்றாகத் தேடி அழிக்கச் சோம்பலாக இருந்தால் "கிட் கிளீன்" இருக்கிறது. ஆனால் முதலில் "-என்" சேர்த்து ஓட்டுங்கள், எதையெல்லாம் அழிக்கும் என்று பட்டியல் மட்டும் தரும். கடவுச்சொற்கள் வைத்திருக்கிற என்வ் ஃபைலும் கிட்இக்னோரில்தான் இருக்கும், "-எக்ஸ்" சேர்த்தால் அதுவும் சேர்ந்து போகும். நான் ஒரு தடவை போக்கியிருக்கிறேன், அந்தக் கடவுச்சொல் வேறெங்கும் இல்லை.

டெவலப்மென்ட் நிறுவல். "பிப் இன்ஸ்டால் -இ" கொடுத்து வைத்திருந்தால், நிறுவிய நாளில் கோட் எங்கே இருந்தது என்று அது எழுதிவைத்திருக்கும். கோடை எஸ்ஆர்சிக்குள் இறக்கினால் மறுபடி ஒரு தடவை அதே கட்டளையைக் கொடுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

சிமேக், சி++ கோடைக் கட்டும் வேலையை அமைத்துத் தரும் கருவி. "ரூல் இல்லை" என்றோ, கேச் வேறு டைரக்டரியில் உருவானது என்றோ சொன்னால் பில்ட் ஃபோல்டரை முழுசாக அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டுங்கள். அது அடிக்கடி நடந்தால் சிமேக் ஃபைலில் "குளோப்" போட்டு ஃபைல்களைப் பொறுக்குகிறீர்களா என்று பாருங்கள். புது ஃபைல் வந்தது அதற்குத் தானாகத் தெரியாது. 3.12 பதிப்பிலிருந்து "கான்ஃபிகர்-டிபெண்ட்ஸ்" என்று ஒரு வசதி வந்தது, ஆனாலும் சிமேக் ஆவணமே குளோப் வேண்டாம் என்கிறது. ஃபைல் பெயர்களைக் கையால் எழுதிவிடுங்கள்.

இங்கே யாரையும் கூப்பிடத் தேவையே வராது. ரெப்போவின் முழு நகலாகப் புதிதாக ஒரு குளோன் எடுத்துப் பார்த்து அதில் ஓடினால், பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

## அறிகுறி 3: ஃபைலின் வரலாறு காணாமல் போய்விட்டது

பத்து வருட ஃபைல், "கிட் லாக்" பார்த்தால் ஒரே ஒரு கமிட். அதுவும் உங்கள் பெயரில். பயம் வேண்டாம், பெரும்பாலும் வரலாறு அங்கேயேதான் இருக்கிறது.

கிட் ரீநேமை எங்கும் எழுதிவைப்பதில்லை. நீங்கள் கேட்கும்போது, மறைந்த ஃபைலையும் தோன்றிய ஃபைலையும் ஒப்பிட்டு, பாதிக்குமேல் ஒத்துப்போனால் "இது அதுதான்" என்று ஊகிக்கிறது.

- ஒரு ஃபைலுக்கு: "கிட் லாக் --ஃபாலோ".
- ஃபோல்டருக்கு ஃபாலோ உதவாது. இரண்டு கோடு போட்டுப் பழைய பாதை, புதிய பாதை இரண்டையும் கொடுங்கள், இரண்டின் வரலாறும் சேர்ந்து வரும்.
- ஒரு ஃபைலை மூன்றாகப் பிரித்திருந்தால் "கிட் பிளேம் -சி". எந்த வரி எங்கிருந்து வந்தது என்று ஓரளவு பிடித்துத் தரும்.

இதிலும் வரவில்லை என்றால், நகர்த்திய அதே கமிட்டில் உள்ளேயும் ஏகமாகத் திருத்தியிருக்கிறீர்கள். பாதிகூட ஒத்துப்போகாததால் கிட்டுக்கு அடையாளம் தெரியவில்லை.

இன்னும் தள்ளவில்லை என்றால் பிரித்துவிடலாம். நகர்த்தலுக்கு முந்தைய கமிட்டிலிருந்து ஒரு புதிய பிராஞ்ச் எடுங்கள். ஒரு எழுத்தையும் மாற்றாமல் "கிட் எம்வி" மட்டும் செய்து கமிட் போடுங்கள். பிறகு "கிட் செக்அவுட்" என்று பழைய பிராஞ்சின் பெயரைக் கொடுத்து, இரண்டு கோடு, ஒரு புள்ளி. திருத்திய உள்ளடக்கம் எல்லாம் அப்படியே வந்து உட்காரும். அதை இரண்டாவது கமிட்டாகப் போடுங்கள். அந்த நடுக் கமிட்டில் பில்ட் ஓடாமல் போகலாம். ஓடாவிட்டால் செய்தியில் அதைச் சொல்லிவிடுங்கள், பிறகு பிழை எந்தக் கமிட்டில் புகுந்தது என்று பைசெக்ட் செய்து தேடுகிறவர் உங்களைத் திட்ட மாட்டார்.

கர்னலிலும் இப்படித்தான் செய்தார்கள். ஐ386, எக்ஸ்86-64 என்று தனித்தனியாக இருந்த இரண்டு ஃபோல்டரை, 2008 ஜனவரியில் வந்த 2.6.24 பதிப்பில் ஆர்ச் எக்ஸ்86 என்ற ஒரே ஃபோல்டராக்கினார்கள். முதலில் ஃபைல்களை அப்படியே கொண்டுவந்து, பெயர் மோதிய இடத்தில் வாலில் 32, 64 என்று எண் ஒட்டி அருகருகே வைத்தார்கள். ஒன்றாகக் கலக்கும் வேலை அதன் பிறகு பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. கல்யாண வீட்டில் முதலில் சாமானை இறக்குவோம், அப்புறம்தான் அடுக்குவோம்.

எல்லாம் ஒழுங்காகப் பிரித்தும் வரலாறு போகிற ஒரு வழி உண்டு: புல் ரிக்வெஸ்ட்டை, அதாவது உங்கள் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் விண்ணப்பத்தை, ஸ்குவாஷ் செய்து மெர்ஜ் பண்ணுகிற பொத்தான். இரண்டு கமிட்டையும் பிசைந்து ஒன்றாக்கிவிடும். நகர்த்தல் ரிக்வெஸ்ட்டில் "ஸ்குவாஷ் வேண்டாம்" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

நிறுத்த வேண்டிய இடம்: மெயினில் சேர்ந்துவிட்டதா? விட்டுவிடுங்கள். வரலாற்றைத் திருத்தி எழுதித் தள்ளுகிற யோசனை யாருக்கு வந்தாலும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது பராமரிப்பாளர்கள் அத்தனை பேரும் சம்மதித்தால்கூட நான் ஒத்துக்கொள்ளாத காரியம்.

## அறிகுறி 4: மெர்ஜ் செய்தால் மலைபோல் கான்ஃபிளிக்ட்

இரண்டு பேரின் மாற்றங்கள் மோதி, எதை வைப்பது என்று கிட் நம்மைக் கேட்பதுதான் கான்ஃபிளிக்ட். முதலில் "கிட் --வெர்ஷன்". 2.34-க்குக் கீழே என்றால் புதுப்பியுங்கள். 2021 நவம்பரில் வந்த அந்தப் பதிப்பிலிருந்துதான் "ஆர்ட்" என்ற புதிய மெர்ஜ் முறை இயல்பாக ஓடுகிறது. ரீநேம் நிறைய இருக்கும் இடத்தில் பழையதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அடுத்து, வெளியீட்டைப் பொறுமையாக மேலே தள்ளிப் படியுங்கள். "ஃபைல்கள் அதிகம், ரீநேம் தேடலை விட்டுவிட்டேன்" என்ற பொருளில் ஒரு எச்சரிக்கை இருக்கும், கான்ஃபிளிக்ட் வரிகளுக்கு நடுவே கண்ணில் படாது. இப்போதைய கிட்டில் இந்த வரம்பு மெர்ஜுக்கு 7000, மாற்றங்களை ஒப்பிட்டுக் காட்டும் டிஃப்புக்கு 1000. "மெர்ஜ் ரீநேம்லிமிட்" அமைப்பில் கூட்டிக்கொள்ளலாம். ஒரு எழுத்தும் மாறாமல் நகர்ந்த ஃபைல்களுக்கு இந்த வரம்பே கிடையாது. மேலே தனியாக நகர்த்தச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

அப்படியும் ஆகவில்லை என்றால் மூன்று படியாக ஏறுங்கள். உங்கள் பிராஞ்சில், நகர்த்தல் கமிட்டுக்கு ஒன்று முந்தைய கமிட்டை மெர்ஜ் செய்யுங்கள், வழக்கமான கான்ஃபிளிக்ட்தான் வரும். பிறகு நகர்த்தல் கமிட்டை மட்டும் மெர்ஜ் செய்யுங்கள். பிறகு மெயினின் மிச்சம். ஒரே தாவலில் நாற்பது கான்ஃபிளிக்ட் வந்த பிராஞ்சை இப்படி ஐந்தாகக் குறைத்திருக்கிறேன்.

### கான்ஃபிளிக்ட்டே வரவில்லை, ஆனால் பழைய ஃபோல்டர் மறுபடி முளைத்திருக்கிறதா?

இதுதான் நஞ்சு. நீங்கள் நகர்த்திக்கொண்டிருந்தபோது இன்னொருவர் பழைய ஃபோல்டரில் புதிய ஃபைல் ஒன்றைச் சேர்த்திருக்கிறார். ஃபோல்டர் முழுவதும் நகர்ந்திருந்தால் கிட் அதைக் கவனித்து "இதையும் அங்கே கொண்டுபோகவா?" என்ற பாணியில் கான்ஃபிளிக்ட் காட்டி நிறுத்தும். 2018-ல் 2.18 பதிப்பில் வந்த வசதி. ஆனால் பழைய இடத்தில் ஒரே ஒரு ஃபைலை நீங்கள் விட்டுவைத்திருந்தாலும் ஃபோல்டர் நகரவில்லை என்றுதான் அதன் கணக்கு. புதிய ஃபைல் சத்தமில்லாமல் பழைய இடத்தில் போய் உட்காரும், பில்ட் அதைப் பார்க்காது, யாருக்கும் தெரியாது. நகர்த்தினால் முழுசாக நகர்த்துங்கள். மெர்ஜுக்குப் பின் பழைய பாதையில் "கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்" கொடுத்து ஒன்றும் வரவில்லை என்று பாருங்கள்.

கூப்பிட வேண்டிய இடம்: மற்றவர்களுடைய திறந்த ரிக்வெஸ்ட்கள் பத்துக்குமேல் நகர்த்தல் பாதையில் நிற்கின்றனவா? நகர்த்தும் நாளைப் பராமரிப்பாளர் அறிவிக்கட்டும். ரிலீஸ் முடிந்த மறுநாள் நல்ல நாள்.

## அறிகுறி 5: எல்லாம் பச்சை, ஆனால் யாரும் ரிவியூ செய்ய வரவில்லை

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தெரியும், தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வரும். ஜன்னல் வழியே மதுக்கடை போர்டைப் பார்த்துத்தான் எந்த ஆட்சியில் இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் ஒரு விபத்து நடந்தால் எந்த ஸ்டேஷன் எல்லை என்பதே முதல் கேள்வி. எந்தப் பாதையின் மாற்றத்தை யார் ரிவியூ செய்வது என்று சொல்லும் கோட்ஓனர்ஸ் ஃபைலும் அப்படித்தான். ஃபோல்டர் நகர்ந்தது, எல்லைக்கோடு பழைய இடத்தில் நிற்கிறது. பொருந்தாத வரிக்கு அது எர்ரர் எதுவும் தராது.

- பழைய பாதையை கோட்ஓனர்ஸில் தேடித் திருத்துங்கள்.
- கிட்ஹப்பில் கடைசியாகப் பொருந்துகிற வரிக்குத்தான் மதிப்பு. புதிய பாதையை மேலே எழுதிவிட்டு, கீழே "எல்லாமும் இவருக்கு" என்று நட்சத்திர வரி இருந்தால் நீங்கள் எழுதினது வீண்.
- கர்னல் பாணியில் மெயின்டெய்னர்ஸ் ஃபைல் வைத்திருந்தால் "எஃப்" என்று தொடங்கும் வரிகள். கர்னலின் கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட்டில் "--செல்ஃப்-டெஸ்ட்" என்று கொடுத்தால் எந்தப் பாதையும் பொருந்தாத வரிகளை அதுவே காட்டித் தரும்.

பச்சை டிக் வருகிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். தள்ளியவுடன் தானாக டெஸ்ட் ஓட்டுகிற சிஐ அமைப்பில் "இந்தப் பாதை மாறினால் மட்டும் டெஸ்ட் ஓட்டு" என்று எழுதியிருந்தால், பாதை மாறியபின் டெஸ்ட் ஓடவே ஓடாது. சிவப்பு வராதது அதனால்தான். நகர்த்திய ஃபோல்டரில் வேண்டுமென்றே தோற்கிற டெஸ்ட் ஒன்றை வைத்துத் தள்ளிப் பாருங்கள். சிவப்பு வந்தால் நிம்மதி.

## அறிகுறி 6: தமிழ்த் திரையில் திடீரென்று ஆங்கிலம்

மொழிபெயர்ப்பாளர்கள் கோபத்தோடு வருவார்கள், அவர்கள் கோபம் நியாயம். இதில் இரண்டு கிளை.

### முழுத் திரையும் ஆங்கிலமா?

மொழி ஃபைலையே நிரல் கண்டுபிடிக்கவில்லை. பைத்தானில் "இந்த ஃபைலுக்கு இரண்டு மாடி மேலே லொக்கேல் ஃபோல்டர்" என்று எழுதியிருப்போம். ஃபைல் ஒரு மாடி கீழே இறங்கியதும் கணக்குத் தப்பும். "ஃபால்பேக்" இயக்கியிருந்தால் எர்ரரும் வராது, பேசாமல் ஆங்கிலம் காட்டும். நிரல் எந்தெந்த ஃபைலைத் திறக்கப் பார்க்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸில் ஓட்டி, தமிழுக்கான டிஏ ஃபோல்டருக்குள் இருக்கும் எம்ஓ என்ற மொழி ஃபைலை எங்கே போய்த் தேடுகிறது என்று பாருங்கள். தேடுகிற இடத்தைப் பார்த்தவுடன் புரிந்துவிடும். சி++ பக்கம் என்றால் "லொக்கேல் -ஏ" கொடுத்து, சிஸ்டத்தில் டிஏ-ஐஎன் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத மெஷினில் நாங்கள் ஒருநாள் முழுக்கப் பாதையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

### சில வாக்கியங்கள் மட்டும் ஆங்கிலமா?

போட்ஃபைல்ஸ் என்ற பட்டியலைத் திறங்கள். எந்தெந்தக் கோட் ஃபைலிலிருந்து வாக்கியங்களை எடுப்பது என்று அதில் பாதை பாதையாக எழுதியிருக்கும். நடப்பது இதுதான்: ஃபைல் நகர்ந்ததும் அந்த வரி எர்ரர் தரும். எர்ரர் தொலைய வேண்டும் என்று யாரோ வரியை அழித்துவிடுவார்கள். புதிய பாதையைச் சேர்க்க மாட்டார்கள். அடுத்த புதுப்பிப்பில் அந்த ஃபைலின் வாக்கியங்கள் எல்லாம் "இனித் தேவையில்லை" என்று கணக்கில் ஏறும்.

இங்கே பதற்றப்பட்டு மொழிபெயர்ப்பை மறுபடி உட்கார்ந்து எழுதாதீர்கள். மொழிபெயர்ப்பு எழுதியிருக்கும் தமிழ் பிஓ ஃபைலின் அடிப்பகுதிக்குப் போங்கள். முன்னால் ஹாஷும் அலைக்குறியும் போட்ட வரிகள் இருக்கும். உங்கள் தமிழ் அங்கே பத்திரமாகத் தூங்குகிறது. போட்ஃபைல்ஸில் புதிய பாதையைச் சேர்த்து, ஆங்கில மூல வாக்கியங்கள் இருக்கும் பாட் ஃபைலைப் புதுப்பித்து, "எம்எஸ்ஜிமெர்ஜ்" ஓட்டுங்கள். அது பாதையைப் பார்த்துப் பொருத்துவதில்லை, ஆங்கில மூல வாக்கியத்தைப் பார்த்துத்தான் பொருத்துகிறது. வாக்கியம் மாறாதவரை அத்தனையும் எழுந்து வரும். முன்னும் பின்னும் "எம்எஸ்ஜிஎஃப்எம்டி --ஸ்டாட்டிஸ்டிக்ஸ்" ஓட்டி எண்ணிக்கையை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முதல் தடவை எங்களுக்கு இது நடந்தபோது, "குப்பை வரிகள்" என்று ஒருவர் அந்த அடிப்பகுதியைச் சுத்தம் செய்திருந்தார். பழைய கமிட்டிலிருந்து பிஓ ஃபைலை எடுத்து ஒட்டவைத்தோம். அதனால் சொல்கிறேன், நகர்த்தல் நடக்கிற மாதத்தில் பிஓ ஃபைலை யாரும் சுத்தம் செய்ய வேண்டாம்.

இன்னொரு சின்ன எரிச்சல்: ஒவ்வொரு வாக்கியத்தின் மேலும் பாதையும் வரி எண்ணும் இருப்பதால், நகர்த்தினால் பிஓ ஃபைல் முழுக்க மாறினதாக டிஃப் காட்டும். "--ஆட்-லொக்கேஷன்" என்பதற்கு "ஃபைல்" என்று மதிப்பு கொடுத்தால் வரி எண் போகும், கொஞ்சம் ஆறுதல்.

கூப்பிட வேண்டியவர்: அந்த மொழியின் ஒருங்கிணைப்பாளர். "ஃபஸி" என்று குறித்த வாக்கியங்களை நிரலாளர்கள் தொடக் கூடாது. எம்எஸ்ஜிமெர்ஜ் ஊகத்தில் ஒட்டியவை அவை. தமிழ் தெரியும் என்பதால் நாமே தட்டிவிடலாம் என்று தோன்றும், வேண்டாம்.

## அறிகுறி 7: வட்டமாகச் சுற்றும் இம்போர்ட்

"பாதி துவங்கிய மாட்யூல், வட்ட இம்போர்ட்டாக இருக்கலாம்" என்று பைத்தானே சொல்லிவிடும். அவசரத்துக்கு ஒரு இம்போர்ட்டை ஃபங்ஷனுக்குள் இறக்குங்கள். ஒழுங்காகச் செய்ய, ஒன்றையொன்று இம்போர்ட் செய்கிற இரண்டு ஃபைலும் கேட்கிற பொருளை மூன்றாவது ஃபைலுக்குக் கொண்டுபோங்கள். அந்த மூன்றாவதற்கு யுடில்ஸ் என்று பெயர் வைக்காதீர்கள். எங்கள் யுடில்ஸ் ஒரு காலத்தில் ஸ்டோர் ரூம் மாதிரி இருந்தது, கதவைத் திறந்தால் தலையில் விழும். இரண்டு ஃபோல்டர் ஒன்றையொன்று நாலைந்து இடத்தில் கேட்கின்றன என்றால், அவை ஒரே ஃபோல்டராக இருந்திருக்க வேண்டியவை. அதைப் பராமரிப்பாளரிடம் படம் போட்டுக் காட்டிப் பேசுங்கள்.

பெயர் அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் நகர்த்த வேண்டாம் என்பது என் கட்சி. லிப்ரேஆபீஸில் ரைட்டரின் கோட் இன்றைக்கும் எஸ்டபிள்யூ என்ற ஃபோல்டரில்தான் இருக்கிறது, ஸ்டார்ரைட்டர் காலத்துப் பெயரின் மிச்சம். ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஒரு ரீட்மீ எழுதிவைத்துச் சமாளிக்கிறார்கள்.

## அறிகுறி 8: நம் திட்டத்தைப் பயன்படுத்துகிறவர்களின் கோட் நின்றுவிட்டது

செலவு அதிகம் வைக்கிற அறிகுறி இது. பழைய விலாசத்தை வைத்திருப்பவர்கள் யார், எவர் என்றே நமக்குத் தெரியாது.

முதல் வழி, பழைய இடத்தில் ஒரு ஷிம். பைத்தானில் பழைய பெயரில் ஒரு சின்ன ஃபைல், உள்ளே புதிய இடத்திலிருந்து எல்லாவற்றையும் இம்போர்ட் செய்து, ஒரு எச்சரிக்கை. அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்கள் நட்சத்திர இம்போர்ட்டில் வராது, அவற்றைத் தனியாக எழுதுங்கள். எச்சரிக்கையை "டெப்ரிகேஷன் வார்னிங்" வகையில் கொடுத்தால் பெரும்பாலான பயனர் கண்ணில் படாது, பைத்தான் வழக்கமாக மறைத்துவிடும். கட்டாயம் தெரிய வேண்டும் என்றால் "ஃபியூச்சர் வார்னிங்". சி++ என்றால் பழைய ஹெடர் புதிய ஹெடரை அழைக்கட்டும். சிம்லிங்க் போட்டுச் சமாளிக்காதீர்கள். விண்டோஸில் பலரிடம் அது பாதையை எழுதிய ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக இறங்கி நிற்கும்.

கோட் எல்லாம் சரி, சேமித்த தரவு மட்டும் திறக்கவில்லை என்றால் காரணம் பிக்கிள், பைத்தான் தரவைச் சேமிக்கும் வடிவம். பிக்கிள் ஃபைலுக்குள் கிளாஸின் மாட்யூல் பாதை எழுதப்பட்டிருக்கும். ஷிம்மை எடுத்தால் பழைய ஃபைல் அத்தனையும் "மாட்யூல் இல்லை" என்று வாய் மூடிக்கொள்ளும். திறந்து, புதிய வடிவத்தில் சேமித்துத் தரும் ஸ்கிரிப்ட் ஒன்றை வெளியிட்ட பிறகுதான் ஷிம் மேல் கை வையுங்கள்.

டிஸ்ட்ரோக்களில் உங்கள் திட்டம் பேக்கேஜாகப் போகிறதென்றால், ரிலீஸுக்கு முன்பே டெபியன், ஃபெடோரா பேக்கேஜ் பராமரிப்பவர்களுக்கு எழுதிவிடுங்கள். எந்தப் பாதை எங்கே போனது என்று ஒரு பட்டியல் போதும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஷிம் எவ்வளவு நாள் இருக்கலாம்? பாண்டிச்சேரி 2006-ல் புதுச்சேரி ஆனது, பஸ் கண்டக்டர் இன்னும் "பாண்டி, பாண்டி" என்றுதான் கூப்பிடுகிறார், எல்லோரும் ஏறத்தான் செய்கிறோம். எங்கள் திட்டத்தில் இரண்டு ரிலீஸ் தாண்டியும் ஷிம் இருக்கிறது. போன கூட்டத்தில் "எடுத்துவிடலாமா?" என்று கேட்டேன். மூன்று பேர் வேண்டாம் என்று கை தூக்கினார்கள், அவர்களுடைய ஸ்கிரிப்ட் இன்னும் பழைய பெயரைத்தான் கூப்பிடுகிறதாம். மூவரும் ஃபோல்டரை நகர்த்திய குழுவில் இருந்தவர்கள்.